சுவர் போன தடத்தில் சைக்கிள்: பெர்லினில் ஒரு கையேடு செய்த வேலை

2001இல், பழைய பெர்லின் சுவர் போன தடத்தில் சுற்றிவர ஒரு சைக்கிள் கையேடு அச்சாகி வந்தது. அது காட்டிய சுற்று ஏறத்தாழ 160 கிலோமீட்டர். அந்தச் சுற்று முழுமைக்கும் அப்போது வழிகாட்டிப் பலகைகள் கிடையாது. பல இடங்களில் ஒழுங்கான தளமும் கிடையாது. புதர் மண்டிய ரோந்துச் சாலை, நடுவில் முளைத்த வேலி, கட்டுமானத்துக்குத் தோண்டிய குழி என்று துண்டுதுண்டாகக் கிடந்த தடத்தை ஒரே கோடாக வரைந்து காட்டியது அந்தச் சிறிய நூல். பலகைகளும் தளமும் 2002 முதல் 2006 வரை ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. பாதை முதலில், கையேடு பிறகு என்பதுதான் வழக்கம். இங்கே வரிசை மாறியது. ஐரோப்பிய சைக்கிள் சுற்றுலாவில் எழுத எத்தனையோ இருந்தும் இந்த ஒன்றை ஆராய எடுத்துக்கொள்வது அதனால்தான்.

மறக்க அவசரப்பட்ட நகரம்

1961 ஆகஸ்ட் 13 அன்று எழத் தொடங்கி 1989 நவம்பர் 9 இரவு திறந்துகொண்ட பெர்லின் சுவர், மேற்கு பெர்லினைச் சுற்றிச் சுமார் 155 கிலோமீட்டர் ஓடியது. நகரத்தை இரண்டாகப் பிளந்தது அதில் 43 கிலோமீட்டர்தான். மீதியெல்லாம் கிழக்கு ஜெர்மனியின் காடுகள், ஏரிக்கரைகள், வயல்கள், சிற்றூர்கள் ஆகியவற்றின் ஓரமாகப் போனது. சுவரைப் படங்களில் மட்டும் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்டுப்பகுதி நினைவுக்கே வராது. சைக்கிள்காரருக்கோ இதுதான் முக்கியம்.

இன்னொன்றும் முக்கியம். சுவர் என்பது ஒற்றைச் சுவராக இருக்கவில்லை. மேற்குப் பக்கம் 3.6 மீட்டர் உயரக் கான்கிரீட், கிழக்குப் பக்கம் உட்சுவர், இரண்டுக்கும் நடுவில் வாரிச் சீராக்கிய மணல், விளக்குத் தூண்கள், கண்காணிப்புக் கோபுரங்கள், வண்டிகளை மறிக்கும் பள்ளம். அந்த நடுப்பட்டையிலேயே எல்லைப்படையின் வண்டிகள் போக ஒரு ரோந்துச் சாலை இருந்தது; கொலோனென்வேக் என்று அதற்குப் பெயர். மேற்குப் பக்கத்தில் சுங்கத்துறையினர் சுற்றிவர இன்னொரு சாலை இருந்தது, அது சோல்வேக். இரண்டும் இடைவிடாமல் ஓடுபவை, குறுக்கே வாகனம் வராதவை. மனிதர்கள் தப்பிப் போகாதபடி பார்த்துக்கொள்ளப் போட்ட சாலைகள், எல்லை மறைந்ததும் ஐரோப்பாவின் எந்தப் பெருநகரத்துக்கும் வாய்க்காத ஒரு சைக்கிள் சுற்றுப்பாதையாகக் கிடந்தன.

ஆனால் 1990இல் யாரும் அப்படிப் பார்க்கவில்லை. அந்த ஆண்டு ஜூன் 13 அன்று பெர்னாவர் தெருவில் இடிப்பு வேலை தொடங்கியது. நகரத்துக்குள் இருந்த சுவரின் பெரும்பகுதி சில மாதங்களில் மறைந்தது. அந்த வேகத்தை நான் குறை சொல்லமாட்டேன். இருபத்தெட்டு ஆண்டுகள் அந்தக் கான்கிரீட்டைப் பார்த்து விழித்தவர்களுக்கு அது கண்ணில் படாமல் போனால் போதும் என்றுதான் இருந்திருக்கும். அடுத்து வந்தது நிலத்தின் விலை. 1996இல் வந்த ஒரு கூட்டாட்சிச் சட்டம், சுவருக்காக நிலம் பறிக்கப்பட்ட பழைய உரிமையாளர்கள் சந்தை மதிப்பில் 25 சதவீதம் கொடுத்து அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வழி செய்தது. நிலம் போனவர்களுக்கு அது அரைகுறை நீதி. தடத்துக்கோ ஆபத்து, ஏனென்றால் ஒவ்வொரு மனை கைமாறும்போதும் தொடர்ச்சி ஓரிடத்தில் அறுந்தது.

தொடர்ச்சி என்ற சொல்லைச் சற்று அழுத்திச் சொல்கிறேன். சுவரின் ஒரு துண்டை அருங்காட்சியகத்தில் வைத்துக் காக்கலாம். 155 கிலோமீட்டர் நீளத்தை அப்படிக் காக்க முடியாது. அந்த நீளம் மனத்தில் பதிய வேண்டுமென்றால் யாராவது அதன்மேல் போக வேண்டும். நடந்தால் ஒரு வாரம் ஆகும், காரில் போக வழியில்லை. சைக்கிளில் இரண்டு மூன்று நாளில் சுற்றிவிடலாம்.

இதைப் புரிந்துகொண்டு விடாமல் பேசியவர் மிஹாயேல் கிராமர். பள்ளி ஆசிரியராக இருந்து அரசியலுக்கு வந்தவர். பெர்லின் மாநில அவையில் பசுமைக் கட்சியின் போக்குவரத்துப் பேச்சாளர். சுவர் கட்டப்பட்டதன் நாற்பதாம் ஆண்டான 2001இல் அவர் மூன்று வேலைகளைச் சேர்த்துச் செய்தார். எஞ்சிய சுவர்ப் பகுதிகளைப் பாதுகாக்கவும், தடத்தைச் சைக்கிளுக்கும் நடைக்கும் ஏற்றதாக ஆக்கவும் மாநில அவையில் தீர்மானம் வர உழைத்தார். கோடைக்காலத்தில் பொதுமக்களைக் கூட்டிக்கொண்டு தடத்தின் வெவ்வேறு பகுதிகளில் சைக்கிள் உலா நடத்தத் தொடங்கினார். கையேட்டையும் எழுதினார்.

இந்த மூன்றில் கையேட்டைத்தான் பலர் கடைசியாகச் சொல்வார்கள். என் கணிப்பு வேறு. தீர்மானம் ஒரு காகிதம். அதை நிறைவேற்றப் பணமும் ஆட்களும் வேண்டும். உலாவுக்கு வருபவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு உரியவர்கள். கையேட்டை வாங்கியவரோ எங்கிருந்தோ வந்து, தானே ரயிலிலிருந்து இறங்கி, வரைபடத்தில் இருக்கும் கோட்டைத் தரையில் தேடினார். வேலி மறித்த இடத்தில் ஏன் என்று கேட்டார். ஒவ்வொரு கோடையிலும் அப்படித் தேடி வருபவர்கள் இருக்கும்போது, அந்தத் தடத்தை வெறும் புறம்போக்கு என்று சொல்லி ஒதுக்குவது ஒரு நகராட்சிக்குக் கடினம்.

ஒரு சென்டிமீட்டருக்கு இரண்டு நிமிடம்

கையேட்டை வெளியிட்டது எஸ்டர்பாவர் என்ற ஆஸ்திரியப் பதிப்பகம். வியன்னாவிலோ பெர்லினிலோ இல்லை, கீழ் ஆஸ்திரியாவில் ரோடிங்கர்ஸ்டார்ஃப் என்ற கிராமத்தில் இருக்கிறது. அதன் பைக்லைன் வரிசையை ஜெர்மன் பேசும் நாடுகளில் சைக்கிள் பயணம் போகிற எவரும் அறிவார்கள். அந்த வரிசை தொடங்கியது டான்யூப் கரையிலிருந்து. பாசாவ் நகரத்திலிருந்து வியன்னா வரை சுமார் 320 கிலோமீட்டர், ஒரு காலத்தில் குதிரைகள் கரையில் நடந்து படகுகளை எதிர்நீரோட்டத்தில் இழுத்துச் சென்ற தடத்தில் இன்று சைக்கிள்கள் போகின்றன. ஒரு வேலைக்காகப் போட்டு, அந்த வேலை முடிந்தபின் சும்மா கிடக்கும் தடங்களைக் கண்டுபிடித்து வரைபடமாக்குவதில் இவர்களுக்கு ஏற்கெனவே பழக்கம் இருந்தது என்று சொல்லலாம்.

நூலின் வடிவத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதன் ஒவ்வொரு அம்சமும் ஹேண்டில்பாரிலிருந்து பிறந்தது. அகலவாக்கில் அச்சிட்டிருப்பார்கள், ஹேண்டில்பார் பையின் மேலே இருக்கும் கண்ணாடி உறைக்குள் அப்படியே விரித்து வைக்கலாம். ஸ்பைரல் பைண்டிங் என்பதால் ஒரு பக்கத்தைப் புரட்டி முழுவதுமாகப் பின்னால் மடித்துவிடலாம், காற்றில் படபடக்காது. வரைபடங்கள் பெரும்பாலும் 1:50,000 அல்லது 1:75,000 அளவில் இருக்கும். சுமையேற்றிய சைக்கிள் சமதரையில் மணிக்கு 15 கிலோமீட்டர் போகிறது என்று வைத்துக்கொண்டால், 1:50,000 வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டரைக் கடக்க இரண்டு நிமிடம். ஒரு பக்கம் முக்கால் மணி நேரம் தாங்கும். அடுத்த திருப்பத்துக்கு முன்னால் ஒருமுறை கீழே பார்த்துக்கொள்ளப் போதுமான இடைவெளி அது. கார்களுக்கான வரைபடத்தில் சைக்கிள்காரருக்குத் தேவையான சிறு பாதைகள் மறைந்துபோகும்; மலையேறுவோர் வைத்திருக்கும் 1:25,000 வரைபடத்திலோ மிதிக்கிற நேரத்தைவிடப் பக்கம் புரட்டுகிற நேரம் அதிகமாகிவிடும்.

கோட்டிலேயே செய்தி இருக்கும். தளம் போட்ட பாதைக்குத் தொடர்ந்த கோடு, மண்பாதைக்கு விட்டுவிட்டுப் போகும் கோடு. வண்டிகள் அதிகம் ஓடும் சாலைக்கு வேறு நிறம். ஏற்றத்துக்கு அம்புக்குறி, கடும் ஏற்றத்துக்கு இரட்டை அம்பு. இவற்றை மேசையில் உட்கார்ந்து வரைய முடியாது. செயற்கைக்கோள் படத்தில் மண்பாதையும் கற்பாதையும் ஒன்றுபோலவே தெரியும். மழை பெய்த மறுநாள் அங்கே டயர் புதையுமா என்பதை மிதித்துப் பார்த்தவர்தான் சொல்ல முடியும். கையேடு தயாரிப்பில் செலவும் காலமும் போவது இந்த இடத்தில்தான். யாராவது ஒருவர் போய், ஒவ்வொரு பிரிவிலும் நின்று குறித்துக்கொண்டு, தவறான பிரிவிலும் கொஞ்ச தூரம் போய்ப் பார்த்துத் திரும்ப வேண்டும். புதிய பதிப்புக்கு மறுபடியும் போக வேண்டும்.

எங்கே நிறுத்தச் சொல்வது

பெர்லின் சுவர்த் தடத்தில் இந்தப் பொதுவான வேலைகளோடு இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. கிழக்குப் பக்க ரோந்துச் சாலையா, மேற்குப் பக்கச் சுங்கத்துறைச் சாலையா? பல இடங்களில் இரண்டில் ஒன்றுதான் எஞ்சியிருந்தது. சில இடங்களில் இரண்டுமே இல்லை. பாதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மாறி மாறிப் போகிறது. மிதிப்பவர் தன்னையறியாமல் எல்லையை எத்தனையோ முறை கடந்துவிடுகிறார். கோட்டை நேராக்கி, அழகான ஏரிக்கரை வழியாகத் திருப்பிவிட்டிருந்தால் பயணம் இன்னும் சுகமாக இருந்திருக்கும். அப்படிச் செய்யாமல், கூடிய மட்டும் உண்மையான எல்லையை ஒட்டியே வைத்தது இந்தத் திட்டத்தின் மிகச் சிறந்த முடிவு என்று நினைக்கிறேன். இன்று சுற்றை 14 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் 7 முதல் 21 கிலோமீட்டர். எந்தப் பகுதியின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் பொதுப் போக்குவரத்தில் போய்ச் சேரலாம். சைக்கிளை எஸ்-பான் ரயிலில் ஏற்றிக்கொண்டு ஒரு பிற்பகலில் ஒரு பகுதியை மட்டும் முடித்துத் திரும்புகிற உள்ளூர்க்காரருக்கு இந்தப் பிரிப்பு பெரிய உதவி.

அடுத்தது, எங்கே நிறுத்தச் சொல்வது என்ற கேள்வி. பெர்னாவர் தெருவுக்குக் கையேடே வேண்டாம், எல்லோரும் நிற்பார்கள். இரண்டு சுவர்களுக்கும் நடுவே இருந்த மரண பட்டைக்குள் மாட்டிக்கொண்ட ஒரு தேவாலயத்தைக் கிழக்கு ஜெர்மனி 1985இல் வெடிவைத்துத் தகர்த்த இடம் அது. அதே இடத்தில் 2000இல் எழுந்த சிற்றாலயம் மண்ணை இடித்துக் கெட்டிப்படுத்திய சுவரால் ஆனது. பழைய கோவிலின் இடிபாடுகளும் அந்த மண்ணில் கலந்திருக்கின்றன.

கையேட்டின் திறமை தெரிவது யாரும் நிற்காத இடங்களில். தென்மேற்கில் ஷ்டைன்ஷ்டுக்கன் என்ற சிற்றூர். அது மேற்கு பெர்லினுக்குச் சொந்தம். நான்கு பக்கமும் கிழக்கு ஜெர்மனி. 1972இல் இணைப்புச் சாலை கிடைக்கும்வரை அமெரிக்க ஹெலிகாப்டர்கள் அங்கே இறங்கி ஏறிக்கொண்டிருந்தன. மேற்கில் ஸ்பாண்டாவ் பக்கம் ஐஸ்கெல்லர் என்ற இடம். மூன்று பண்ணை வீடுகள், அவற்றுக்குப் போக 4 மீட்டர் அகலமும் 800 மீட்டர் நீளமும் கொண்ட ஒரே ஒரு சந்து, இருபுறமும் கிழக்கு. 1961இல் அங்கிருந்து பள்ளிக்குச் சைக்கிளில் போன ஒரு சிறுவன், கிழக்குப் போலீஸ் தன்னை மறித்ததாகச் சொன்னான். அதன்பின் பிரிட்டிஷ் படையின் கவச வண்டி அவனுக்குத் துணையாக வந்தது. உலகம் முழுவதும் அந்தப் படம் போனது. பள்ளிக்குப் போகாமலிருக்கச் சொன்ன கதை அது என்று முப்பதாண்டு கழித்து அவரே தெரிவித்தார். பாதையோரக் கதைகள் எப்படி உருவாகின்றன, எப்படித் திருத்தப்படுகின்றன என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. கையேடு எழுதுபவர் முதல் பாதியோடு நிறுத்தியிருந்தால் கதை இன்னும் விறுவிறுப்பாக இருக்கும். இரண்டாம் பாதியையும் சேர்க்கும்போதுதான் அந்த நூலை நம்பலாம்.

எஞ்சிய கோபுரங்களும் அப்படித்தான். முன்னூறுக்கும் மேல் இருந்தவற்றில் ஒரு சிலவே நிற்கின்றன. வடக்கே பெர்க்ஃபெல்டவில் ஒரு கோபுரத்தை வனம் காக்கும் இளைஞர் அமைப்பு எடுத்துக்கொண்டு, சுற்றிலும் மரம் நட்டு வளர்த்திருக்கிறது. நகர நடுவில் கீலர் தெருக் கோபுரம் இன்று அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நிற்கிறது. சுவர் எழத் தொடங்கிப் பதினொரு நாள் கழித்து, 1961 ஆகஸ்ட் 24 அன்று சுட்டுக் கொல்லப்பட்ட குண்டர் லிட்ஃபினின் நினைவிடமாக அதை அவருடைய தம்பி பல ஆண்டுகள் பராமரித்தார். தெற்கே பிரிட்ஸ் கால்வாய்க் கரையில் இன்னொரு நினைவுத்தூண். சுவரில் கடைசியாகச் சுடப்பட்டு இறந்த கிரிஸ் குவெஃப்ராய்க்கு அப்போது 20 வயது. தேதி 1989 பிப்ரவரி 5. இன்னும் ஒன்பது மாதம் பொறுத்திருந்தால் நடந்தே போயிருக்கலாம். இந்தச் சுவரில் குறைந்தது 140 பேர் இறந்திருக்கிறார்கள். பெயர்களை ஒரே இடத்தில் பட்டியலாகப் படிப்பதும், ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் நடுவில் சில கிலோமீட்டர் மிதித்துக்கொண்டே போய்ப் படிப்பதும் ஒன்றல்ல. இடையில் வரும் அமைதியான காட்டுப்பாதை அந்தப் பெயரோடு நம்மைத் தனியாக விட்டுவிடுகிறது.

மூடிக்கொண்ட ஏரிக்கரை

கையேட்டின் பலவீனத்தையும் இதே தடம் காட்டியிருக்கிறது. போட்ஸ்டாமில் கிரீப்னிட்ஸ் ஏரியின் கரையோரமாகப் பழைய ரோந்துப் பாதை போகும். சுவர் விழுந்த நாளிலிருந்து மக்கள் அதில் நடந்தார்கள், சைக்கிள் ஓட்டினார்கள். முழுச் சுற்றிலும் மிக அழகான துண்டுகளில் ஒன்று அது. கரை நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் சிலர் வழக்குத் தொடுத்தார்கள். 2009இல் தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக வந்ததும் பாதை மறிக்கப்பட்டது. அச்சான கையேட்டின் ஒரு பக்கம் அன்றே பொய்யாகிவிட்டது. சைக்கிள்கள் உள்ளே தள்ளியிருக்கும் தெரு வழியாகச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று.

இதைச் சுட்டிக்காட்டி அச்சுக் கையேடு காலாவதியாகிவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. மூடிய பாதையைச் செயலி அன்று மாலையே திருத்திவிடும், நூல் அடுத்த பதிப்புவரை காத்திருக்கும். இதில் வாதமே இல்லை. பதிப்பகமும் இப்போது நூலோடு ஜிபிஎஸ் தடங்களையும் தருகிறது. ஆனால் செயலி திருத்தியபின் அங்கே என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். மாற்றுத் தெரு ஒன்றுதான் வழி என்று காட்டும்; பக்கத்தில் ஒரு ஏரிக்கரை இருந்தது, அது ஏன் அடைபட்டது என்ற செய்தி திரையிலிருந்து மறைந்துவிடும். கையேட்டின் புதிய பதிப்பில் மாற்றுப் பாதையும் வரும், பாதை மூடிய கதையும் வரும். மறிப்பை எதிர்த்துப் போராடும் உள்ளூர்க்காரர்களுக்கு வெளியூரிலிருந்து ஆதரவு கிடைப்பது இப்படித்தான்.

தடம் நீண்டபோது

பெர்லினில் செய்ததைக் கிராமர் அதோடு விடவில்லை. 2004 முதல் 2019 வரை ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். இரு ஜெர்மனிகளுக்கு இடையே ஓடிய ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் எல்லைக்கும், பிறகு பனிப்போரில் ஐரோப்பாவைக் கிழக்கு, மேற்கு என்று பிரித்த முழு எல்லையான இரும்புத்திரைக்கும் அதே முறையைக் கொண்டுபோனார். 2005இல் நாடாளுமன்றம் இரும்புத்திரைப் பாதைக்கு ஆதரவு தெரிவித்தது. பின்னர் ஐரோப்பிய சைக்கிள் ஓட்டுநர் கூட்டமைப்பின் யூரோவெலோ வலையமைப்பில் அது 13ஆம் எண் பாதையாகச் சேர்ந்தது. 2019இல் ஐரோப்பிய அவையின் பண்பாட்டுப் பாதை என்ற தகுதியும் பெற்றது. நார்வேயின் பேரன்ட்ஸ் கடற்கரையில் தொடங்கிப் பல்கேரியாவின் கருங்கடல் கரையில் முடிகிறது; 20 நாடுகள், ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர். ஒவ்வொரு கட்டத்திலும் எஸ்டர்பாவரின் ஸ்பைரல் நூல்கள் கூடவே வந்தன.

நீளம் கூடியபோது தரம் ஒரே சீராக இல்லை. ஜெர்மனியின் உள் எல்லையில் ரோந்துச் சாலை பெர்லினில் போலத் தளம் போட்டதல்ல, ஓட்டைகள் கொண்ட கான்கிரீட் பலகைகளைப் பதித்தது. கனரக வண்டிக்கு அது சரி. சைக்கிள் டயருக்குக் கொடுமை. அதனால் கையேடு அங்கே எல்லைக் கோட்டை விட்டுவிலகிப் பக்கத்துக் கிராமச் சாலைகளில் அழைத்துப் போகிறது. எல்லைப்பட்டை காட்டுயிர்களின் புகலிடமாகிவிட்டது இன்னொரு காரணம். பெர்லின் சுற்றில் உடல் உணரும் எல்லை, இங்கே பல மைல் தள்ளியிருக்கும் செய்தியாகிவிடுகிறது. இதைத் தவிர்க்க முடியாது என்றாலும் இழப்புதான். வடக்கே நிலைமை இன்னும் மோசம். பாதையின் ஒரு பகுதி ரஷ்யா வழியாகத் திட்டமிடப்பட்டது. 2023 டிசம்பரிலிருந்து பின்லாந்து தன் ரஷ்ய எல்லையின் தரைவழிச் சாவடிகள் அனைத்தையும் மூடி வைத்திருக்கிறது. எல்லைகள் திறந்ததைக் கொண்டாட எழுதிய கையேட்டின் சில பக்கங்கள் மீண்டும் எல்லையில் வந்து நின்றுவிட்டன.

எழுதப்படாத ஒரு பக்கம்

பெர்லின் சுற்றில் தமிழருக்கு ஒரு நிறுத்தம் உண்டு. ஃபிரீட்ரிஷ் தெரு ரயில் நிலையம், இன்றைய சுவர்ப் பாதையிலிருந்து சிறிது தூரம்தான். அந்த நிலையம் கிழக்கு பெர்லினில் இருந்தது. ஆனால் மேற்கு பெர்லினின் ரயில்கள் அதன் அடித்தளத்தில் வந்து நின்று போயின. 1980களில் இலங்கையிலிருந்து கிளம்பிய தமிழ் இளைஞர்கள் மாஸ்கோ வழியாகக் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, வழிப்போக்கு விசாவில் இந்த நிலையம்வரை வந்து, இங்கே ரயில் ஏறி மேற்கில் இறங்கினார்கள். மேற்குப் பக்கத்தில் அவர்களை யாரும் கடவுச்சீட்டுக் கேட்டு மறிக்கவில்லை, ஏனென்றால் சுவரை நாட்டெல்லையாக ஏற்பதில்லை என்பது மேற்கின் கொள்கை. கிழக்கு ஜெர்மனியரைச் சுட்டு நிறுத்திய அதே எல்லை, 1983 ஜூலைக் கலவரத்துக்குத் தப்பி ஓடிவந்தவர்களுக்கு வாசலாக இருந்தது. 1985இல் மேற்கின் அழுத்தத்துக்குப் பிறகு, விசா இல்லாத தமிழரை அனுப்பமாட்டோம் என்று கிழக்கு ஜெர்மனி ஒப்புக்கொண்டதும் அந்த வாசல் சாத்தப்பட்டது.

ஒரு கையேட்டில் இதற்கு அரைப்பக்கம் போதும்: நிலையத்தின் குறுக்குவெட்டுப் படம் ஒன்று, ஷோனஃபெல்டிலிருந்து எந்த வண்டியில் வந்தார்கள், எந்தப் படிக்கட்டில் இறங்கினார்கள், மேற்கில் முதலில் எங்கே போய்ப் பதிவு செய்தார்கள் என்ற குறிப்புகள். விசா ஒப்பந்தமும் தேதிகளும் ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும். படிக்கட்டும் நடைமேடையும் கிடைக்காது. அவை வந்து இறங்கியவர்களின் நினைவில்தான் இருக்கின்றன. அவர்களில் பலர் இன்று அறுபதைத் தாண்டியவர்கள், பெர்லினிலும் சூரிச்சிலும் டொரன்டோவிலும் இருக்கிறார்கள். அந்த நிலையத்துக்கு அவர்களில் ஒருவரை அழைத்துப் போய், கூடவே நடந்து குறித்துக்கொள்ளும் வேலையை யாராவது இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.